நம் ஆள் நிற்கிறார்: தேர்தல் வேலைக்கு முதல்முறை வருகிறவர்களுக்குச் சில அறிவுரைகள்

மக்கள் போராட்டத்தில் பார்த்துப் பழகிய ஒருவர் தேர்தலில் நிற்கிறார் என்று சேதி வந்ததும் உங்களில் பல பேர் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். சந்தோஷம். ஆனால் வந்த இரண்டாம் நாளே டீக்கடை ஓரம் ஒதுங்கி, "ஐயா, இவர் நிற்காமலே இருந்திருக்கலாமோ?" என்று காதோடு கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு என்னிடமும் ஒற்றை வரியில் பதில் இல்லை. போராட்டப் பந்தலிலும் உட்கார்ந்திருக்கிறேன், வாக்குச்சாவடியிலும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு இரண்டு பேரை அடிக்கடி இழுப்பேன். ஒருவர் கூடங்குளம் அணு உலை எதிர்ப்பு இயக்கத்தின் சுப. உதயகுமாரன். இன்னொருவர் மணிப்பூரின் இரோம் சர்மிளா. இருவர் மீதும் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. இருவரும் தேர்தலில் நின்றது சரிதானா என்பதில் இன்றுவரை எனக்கு இரண்டு மனம்தான்.

1. இரண்டு மனம் இருந்தால் வெட்கப்படாதீர்கள்

2000 நவம்பர் 2 அன்று, இம்பாலை அடுத்த மாலோமில் பேருந்து நிறுத்தத்தில் 10 பேர் அசாம் ரைபிள்ஸ் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து உண்ணாவிரதம் தொடங்கினார் சர்மிளா. ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்க வேண்டும் என்பது ஒன்றே கோரிக்கை. ஏறத்தாழ 16 ஆண்டுகள். தற்கொலை முயற்சி வழக்குப் போட்டு, காவலில் வைத்து, மூக்கில் குழாய் செருகி அரசு அவரை உயிரோடு வைத்திருந்தது. 2017 மார்ச் சட்டமன்றத் தேர்தலில் அவர் தௌபால் தொகுதியில் அன்றைய முதலமைச்சர் ஒக்ரம் இபோபி சிங்கை எதிர்த்து நின்றார். கிடைத்த வாக்கு 90. அதே தொகுதியில் நோட்டாவுக்கு விழுந்தது 143.

இந்த எண்ணைப் பார்த்து "நன்றி கெட்ட ஜனங்கள்" என்று ஊர்க்காரர்களைத் திட்டியவர்கள் உண்டு. "இவருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை" என்று அவரையே திட்டியவர்களும் உண்டு. இரண்டு பேருமே மதிப்பையும் வாக்கையும் ஒரே பேரேட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தவர்கள். நீங்கள் இரண்டுக்கும் தனித்தனிப் பேரேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பட்ட பாட்டுக்கு நீங்கள் தர வேண்டிய மரியாதை ஒன்று. ஐந்து ஆண்டுக்கு அவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைக்கலாமா என்பது வேறொன்று. முதலாவதில் முழுமனதாகவும் இரண்டாவதில் அரைமனதாகவும் இருப்பது துரோகம் ஆகாது. அந்த அரைமனதை மறைத்துக்கொண்டு கோஷம் போடுகிறவர்தான் முடிவு வந்த அன்றைக்கு முதல் ஆளாகக் காணாமல் போவார்.

2. கூட்டத்தை எண்ணி வாக்கைக் கணக்குப் போடாதீர்கள்

கூடங்குளம் போராட்டத்துக்காக இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் முன்னால் போட்டிருந்த பந்தலை 2011, 2012 ஆண்டுகளில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெண்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றியபடியே பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கை பாட்டுக்கு இலையைச் சுருட்டும், நூலைக் கட்டும். காது மேடையில் இருக்கும். அன்றைய கூலியும் போகக்கூடாது, போராட்டமும் நிற்கக்கூடாது. மீனவர்கள் தங்கள் பாட்டில் ஒரு பங்கை இயக்கத்துக்குத் தந்தார்கள். 2012 செப்டம்பரில் கடற்கரையில் கண்ணீர்ப்புகைக் குண்டு விழுந்தபோதும், பிறகு கடலுக்குள் இறங்கி நின்றபோதும், அந்தக் கூட்டத்தில் யாரும் காசுக்கு வந்தவர் கிடையாது.

அந்தக் கூட்டத்தைப் பார்த்த எவருக்கும், இவர் நின்றால் அலையடித்துப் போய்விடும் என்றுதான் தோன்றும். 2014 மக்களவைத் தேர்தலில் உதயகுமாரன் ஆம் ஆத்மி கட்சி வேட்பாளராகக் கன்னியாகுமரியில் நின்றார். நாகர்கோவில் அவருடைய சொந்த ஊர். ஆனால் இடிந்தகரையும் கூடங்குளமும் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் வருகின்றன. ராதாபுரம் திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில் வருகிறது. அதாவது, பந்தலில் உட்கார்ந்து பீடி சுற்றிய அந்தப் பெண்களில் ஒருவராலும் அவருக்கு வாக்களித்திருக்க முடியாது. திருநெல்வேலியில் போராட்டக் குழுவின் ஜேசுராஜும் தூத்துக்குடியில் அதே குழுவின் புஷ்பராயனும் நின்றார்கள். மூன்று தொகுதியிலும் டெபாசிட் போனது என்பதுதான் கணக்கு. கன்னியாகுமரியில் பொன். இராதாகிருஷ்ணன் 3,72,906 வாக்குகள் வாங்கி வென்றார். உதயகுமாரனுக்குக் கிடைத்தது பதினைந்தாயிரத்துச் சொச்சம்.

ஆகவே முதல் வேலையாக வாக்காளர் பட்டியலை வாங்குங்கள். போராட்டம் நடந்த ஊர் எந்தெந்த பூத்தில் வருகிறது, மொத்தம் எத்தனை பூத், மற்ற பூத்துகளில் நம் ஆளின் பெயர் தெரிந்த வீடு எத்தனை என்று குறியுங்கள். ஒரு மக்களவைத் தொகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூத்துகள் இருக்கும். போராட்டம் பத்து ஊரில் நடந்திருக்கும். மிச்ச ஊர்களில் நம் ஆள் தொலைக்காட்சியில் வந்து போன ஒரு முகம், அவ்வளவுதான்.

3. வெல்ல நிற்கிறாரா, சொல்ல நிற்கிறாரா என்று கேளுங்கள்

2015இல் சென்னை ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலில் முதலமைச்சர் ஜெயலலிதாவை எதிர்த்து டிராபிக் ராமசாமி நின்றார். சட்டவிரோத பேனர்களைத் தன் கையாலேயே கிழித்தெறிந்த அந்த முதியவர் வெல்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஜெயலலிதா 1,50,722 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆனால் பெரிய கட்சிகள் பல ஒதுங்கிக்கொண்ட ஒரு தேர்தலில், எதிர்த்து நிற்க ஆள் உண்டு என்று காட்டுவதே அவர் நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறியது.

சொல்ல நிற்பது தப்பில்லை. ஆனால் சொல்ல நிற்கிறவருக்கு வேலை செய்வது ஒரு விதம். வெல்ல நிற்கிறவருக்கு வேறு விதம். சொல்ல நிற்பவருக்கு ஒரு நல்ல துண்டறிக்கையும் நாலு தெருமுனைக் கூட்டமும் போதும். கடன் வாங்கிச் செலவு செய்யக் கூடாது. வெல்ல நிற்பவருக்குப் பூத் தோறும் ஆள் வேண்டும், ஒரு ஆண்டுக்கு முன்பே வேலை தொடங்கியிருக்க வேண்டும். கெடுதல் வருவது இரண்டுக்கும் நடுவில்: மனுத்தாக்கல் அன்று "சொல்லத்தான் நிற்கிறோம்" என்றவர்கள், கூட்டம் சேரச் சேர "ஜெயித்துவிடுவோம் போலிருக்கே" என்று மயங்குவார்கள். அந்த மயக்கம் தெளியும்போது அடி பலமாக இருக்கும்.

4. எந்த நாற்காலிக்கு என்ன அதிகாரம் என்று படித்துக்கொள்ளுங்கள்

வீட்டு வாசலில் நின்று வாக்குக் கேட்கும்போது, "உங்க ஆளு ஜெயிச்சா அணு உலையை மூடிடுவாரா?" என்று ஒரு பாட்டி கேட்பார். பதில் தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு வராதீர்கள். அணுசக்தி ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் அப்படி வைத்தது. ஒரு எம்.பி. கேள்வி கேட்கலாம், ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம், நாட்டின் கவனத்தைத் திருப்பலாம். மாநில அரசின் கையிலும் சில கயிறுகள் உண்டு: போலீஸ், வழக்குகள், நிலம், தண்ணீர்.

மாநிலத்தின் கயிறு எப்படி இழுபட்டது என்பதற்கு மூன்று தேதிகளை நினைவில் வையுங்கள். 2011 செப்டம்பர் 22: மக்களின் அச்சம் தீரும்வரை பணிகளை நிறுத்தி வைக்கக் கோரித் தமிழக அமைச்சரவை தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 18: சங்கரன்கோவில் இடைத்தேர்தலில் வாக்குப்பதிவு முடிந்தது. மார்ச் 19: அதே அமைச்சரவை உலைக்குப் பச்சைக்கொடி காட்டியது. ஓட்டுப் பெட்டியைப் பூட்டிய மறுநாள்! தேர்தல் அரசியலை அசட்டை செய்யாதீர்கள் என்று போராட்டக்காரர்களுக்கு இதைவிட யாரும் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. உதயகுமாரன் ஏன் நின்றார் என்பதற்கு நான் முழுமனதாக ஒப்புக்கொள்ளும் நியாயம் இதுதான்.

மணிப்பூரிலும் இதே கதை. அந்தச் சிறப்பு அதிகாரச் சட்டம் 1958இல் நாடாளுமன்றம் இயற்றியது. ஆனால் 2004இல் தங்ஜம் மனோரமா என்ற பெண் கொல்லப்பட்டு, மணிப்பூர்த் தாய்மார்கள் காங்லா கோட்டை வாசலில் ஆடையின்றி நின்று போராடிய பிறகு, இம்பால் நகரத்தின் ஏழு சட்டமன்றத் தொகுதிகளிலிருந்து அதை விலக்கிக்கொண்டது மாநில அரசு. ஆக, முதலமைச்சராகிச் சட்டத்தை விலக்குவேன் என்று சர்மிளா சொன்னது வெறும் கனவு அல்ல. அந்த நாற்காலிக்குக் கொஞ்சமாவது அதிகாரம் இருந்தது.

5. மனுத்தாக்கலுக்கு முன்பே நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்

வேட்பாளரிடம் நேரில், மரியாதையாக, தனியாகக் கேளுங்கள்.

ஒன்று: நிற்பது என்று முடிவெடுத்தது யார்? போராடிய ஊர் கூடி எடுத்த முடிவா, நீங்களும் இரண்டு நண்பர்களும் எடுத்த முடிவா?

இரண்டு: நீங்கள் பிரசாரத்தில் இருக்கும்போது பந்தலில் யார் உட்காருவார்?

மூன்று: தோற்றால் மறு மாதம் என்ன செய்வீர்கள்?

நான்கு: ஜெயித்தால், உங்களைத் தட்டிக் கேட்கும் அதிகாரம் யாருக்கு?

கோபப்படாமல் நாலுக்கும் பதில் சொல்பவரிடம் நம்பி வேலை செய்யலாம். "என்னையே சந்தேகப்படுகிறாயா?" என்று கேட்பவரிடம் கொஞ்சம் எட்டியே நில்லுங்கள். தியாகம் செய்தவர் கேள்விக்கு அப்பாற்பட்டவர் என்ற எண்ணம் இயக்கத்துக்குள் நுழைந்துவிட்டால், அதற்குப் பிறகு நடப்பது வேறு கட்சிகளில் நடப்பதேதான்.

6. இரவல் சின்னத்தின் விலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

சுயேச்சையாக நின்றால் முன்மொழியப் பத்துப் பேர் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்றால் ஒருவர் போதும். சுயேச்சைக்குச் சின்னம் கடைசி நேரத்தில்தான் கைக்கு வரும். அதற்குள் பாதிப் பிரசார நாள் ஓடிவிடும். அதனால்தான் போராட்டக்காரர்கள் ஒரு கட்சியின் நிழலில் ஒதுங்குகிறார்கள். 2014இல் ஆம் ஆத்மி பல பேருக்கு அப்படி நிழல் கொடுத்தது. நர்மதை அணை எதிர்ப்புப் போராட்டத்தின் மேதா பட்கர் அந்தச் சின்னத்தில் மும்பை வடகிழக்கில் நின்று 76 ஆயிரத்துச் சொச்சம் வாக்குகள் வாங்கித் தோற்றார். குடிசைகள் இடிக்கப்படுவதை எதிர்த்து அந்த நகரத்தில் அவர் பல ஆண்டுகள் போராடியிருந்தும் டெபாசிட் மிஞ்சவில்லை. உதயகுமாரன் அதே ஆண்டிலேயே கட்சியை விட்டு விலகினார். மேதா பட்கர் மறு ஆண்டு விலகினார்.

கட்சியில் சேருவது பாவமில்லை. ஆனால் சேரும் முன்பு, நம் கோரிக்கையைப் பற்றி அந்தக் கட்சி எழுத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். மேடையில் சொன்னது கணக்கில் வராது.

7. வழக்குகளை நீங்களே முந்திச் சொல்லுங்கள்

வேட்பாளர் தன் மீதுள்ள குற்ற வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரமாகவும் வெளியிட வேண்டும். போராட்டக்காரர் மனுப் போட்டால் இந்தப் பட்டியல் பக்கம் பக்கமாக நீளும். 2014இல் உதயகுமாரன் காட்டிய வழக்குகள் முந்நூறுக்கும் மேல். தேசத்துரோகம், அரசுக்கு எதிரான போர் என்ற பிரிவுகளெல்லாம் அதில் உண்டு. விவரம் தெரியாதவர் கண்ணுக்கு அவர் நாட்டிலேயே பெரிய ரவுடியாகத் தெரிவார்.

"பொய் வழக்கு" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதீர்கள். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்த ஊர்வலத்துக்கு எந்த வழக்கு, எத்தனை பேர் மீது, இன்று எந்த நிலையில். 2013 மே மாதம் உலைக்கு அனுமதி தந்த அதே தீர்ப்பில், மக்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதிராளி எடுத்துக் காட்டும் முன்பு நீங்கள் காட்டிவிட்டால் பாதிச் சண்டை முடிந்தது.

8. தியாகத்தைச் சுவரொட்டி ஆக்காதீர்கள்

2016 ஆகஸ்ட் 9 அன்று, இம்பாலில் பத்திரிகையாளர்கள் சூழ்ந்திருக்க, சர்மிளா உள்ளங்கையில் ஊற்றிய தேனை நாக்கில் தொட்டு உண்ணாவிரதத்தை முடித்தார். அழுதார். அரசியலில் இறங்கப் போகிறேன், முதலமைச்சர் ஆகப் போகிறேன் என்றார். அன்றிரவு தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. போன இடத்தில் குடியிருப்புவாசிகள் எதிர்த்தார்கள். கடைசியில், இத்தனை ஆண்டும் அடைத்து வைத்திருந்த அதே ஆஸ்பத்திரிக்கே திரும்பினார்.

அவரை ஊர் தெய்வமாக வைத்திருந்தது. தெய்வத்துக்குப் பசிக்கக் கூடாது. கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படக் கூடாது. முக்கியமாக, ஓட்டுக் கேட்டு சைக்கிளில் வரக் கூடாது. 44 வயதுப் பெண்ணாக அவர் எழுந்து நடந்தபோது கும்பிட்ட கைகளே முகத்தைத் திருப்பிக்கொண்டன.

இதிலிருந்து உங்களுக்கான பாடம்: மூக்குக் குழாய்ப் படத்தையும் லத்தி அடி வாங்கிய படத்தையும் போட்டு வாக்குக் கேட்காதீர்கள். அனுதாபத்தில் வருகிறவர், வேட்பாளர் சிரித்துப் பேசுவதைப் பார்த்தாலே ஏமாந்துபோவார். இவர் எந்த ஊர்க் குடிநீருக்கு, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு, எந்தத் துறைமுகத்துக்கு என்ன செய்வார் என்று அச்சடியுங்கள். பட்ட பாட்டை மக்கள் தாங்களாகப் பேசினால் பேசட்டும்.

9. "ஓட்டைப் பிரிக்கிறீங்க" என்பவரிடம் எரிந்து விழாதீர்கள்

அது நியாயமான கேள்வி. அமெரிக்காவில் நுகர்வோர் உரிமைக்காகவும் கார்ப் பாதுகாப்புக்காகவும் வாழ்நாளெல்லாம் வழக்காடியவர் ரால்ப் நாடெர். 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் பசுமைக் கட்சி சார்பில் நின்றார். ஃபுளோரிடாவில் புஷ், அல் கோரைவிட 537 வாக்குகள் கூடுதலாகப் பெற்று நாட்டையே பிடித்தார். அங்கே நாடெருக்கு விழுந்தவை 97,488. அதுவரை அவரைக் கொண்டாடிய பாதிப் பேர் அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினார்கள். தனக்கு வாக்களித்த எல்லாரும் கோருக்குப் போட்டிருக்க மாட்டார்கள் என்று அவர் வாதாடினார். சண்டை இன்னும் தீரவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் அதிமுகவின் இன்பதுரை, திமுகவின் அப்பாவுவை வென்றது 49 வாக்கில். மறு எண்ணிக்கை கேட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே தொகுதியில் பச்சைத் தமிழகம் கட்சி சார்பில் உதயகுமாரனும் நின்றிருந்தார். அவருடைய வாக்கு யாருடைய பெட்டியிலிருந்து வந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. வேறெங்கும் போயிருக்காத வாக்காகவும் இருக்கலாம்.

வாசலில் நிற்பவருக்கு இப்படிச் சொல்லுங்கள்: "உண்மைதான், அப்படி நடக்கலாம். அதை யோசித்துவிட்டுத்தான் கேட்கிறோம். நீங்களும் யோசித்துப் போடுங்கள்." ஓட்டுப் பிரிவதே கிடையாது என்று சாதிக்கிறவர் பொய் சொல்கிறார். அதற்குப் பயந்து யாருமே நிற்கக் கூடாது என்பவர், இரண்டு பெரிய கட்சிக்கு ஊரைப் பட்டா போட்டுக் கொடுக்கச் சொல்கிறார்.

10. பைசாக் கணக்கு எழுதுங்கள்

நல்லவருக்கு வேலை செய்கிறோம் என்ற நம்பிக்கையில் ரசீதைத் தொலைக்கிறவர்கள்தான் அதிகம். டெபாசிட் மக்களவைக்கு 25,000 ரூபாய், சட்டமன்றத்துக்கு 10,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்குப் பாதி. பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் அது திரும்பாது. தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்குத் தொடங்க வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்துவிட வேண்டும். தக்க காரணமில்லாமல் கொடுக்கத் தவறினால் மூன்று ஆண்டு தேர்தலில் நிற்கத் தடை வரலாம். தோற்ற சோகத்தில் இதை மறந்துபோன சுயேச்சைகள் ஏராளம்.

ஊர்ப் பணத்தில் நின்றால் ஊருக்கும் கணக்குக் காட்டுங்கள். கோயில் வாசலிலோ, பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலோ ஒட்டுங்கள். மற்ற கட்சிகள் செய்யாத இந்த ஒரு காரியத்தை நம்மால் செய்ய முடியும். தோற்றாலும் ஊர் இதை மறக்காது.

11. மேடையைவிட பூத்தை நம்புங்கள்

நம் பிள்ளைகளுக்குப் பாட்டு வரும், பறை வரும், வீதி நாடகம் வரும். பூத் ஏஜெண்டாக உட்காரச் சொன்னால் மட்டும் ஆள் இருக்காது. வாக்குப்பதிவு ஏழு மணிக்கு என்றால் ஐந்தரைக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 வாக்குகள் போட்டுக் காட்டுவார்கள். நம் சின்னத்தை அழுத்தினால் நம் சின்னத்தின் சீட்டுத்தான் விழுகிறதா என்று பாருங்கள். பிறகு எண்ணிக்கையை அழித்துப் பூஜ்யமாக்கி, சீட்டுகளை வெளியே எடுத்து, முத்திரை வைக்கிறார்களா என்று பாருங்கள். மாலையில் 17சி படிவத்தின் நகலைக் கையெழுத்தோடு வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். அந்தப் பூத்தில் பதிவான மொத்த வாக்கு எத்தனை என்று அதில் இருக்கும். எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் எண்ணோடு ஒத்துப் பார்க்க அதுவே கையில் உள்ள ஆதாரம்.

எண்ணும் இடத்தில் கம்பிவலைக்கு அப்பால் மேசைகள் வரிசையாக இருக்கும். ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் 14 இயந்திரங்கள். நம் வேட்பாளருக்கு நேரே 3, 0, 7, 1 என்று எழுதிக்கொண்டே வர வேண்டியிருக்கும். பக்கத்து மேசைக்காரர்கள் நூறுகளில் எழுதிக்கொண்டிருப்பார்கள். எழுதுங்கள். அந்த 7 எந்தப் பூத்தில் விழுந்தது என்று தெரிந்தால், நாம் ஒருமுறைகூடப் போகாத அந்த ஊரில் நம்மை நினைக்கும் ஏழு பேர் இருக்கிறார்கள் என்று தெரியும். அடுத்த வேலை அங்கிருந்து தொடங்கும்.

12. வாக்களிக்காதவரை ஏசாதீர்கள்

"காசு வாங்கிட்டுப் போட்டுட்டாங்க" என்பது தோற்றவர் வாயில் முதலில் வரும் சொல். காசு புழங்குவது உண்மை. ஆனால் காசு வாங்காதவரும் நமக்குப் போடவில்லையே, அதற்கு என்ன சொல்வீர்கள்? ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், மகனின் ஜாமீன், பிள்ளையின் கல்லூரி சீட்டு என்று ஒரு குடும்பம் வருஷமெல்லாம் யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறதோ, அவருக்குத்தான் போடும். போராட்டம் நடத்தும் நமக்கு இந்தச் சில்லறை வேலைகள் மீது ஓர் இளக்காரம் உண்டு. ஓட்டுப் போடுகிறவர்களுக்கு அது தெரியாமல் இல்லை.

தோற்ற பிறகு சர்மிளா அந்த 90 பேருக்கும் நன்றி சொன்னார். அதைச் செய்யுங்கள்.

13. மறுநாள் அவர் வீட்டுக்குப் போங்கள்

முடிவு வந்த மறுநாள்தான் உங்கள் மதிப்புக்குப் பரீட்சை. தோற்ற வேட்பாளர் வீட்டில் அன்று தொலைபேசி அடிக்காது. பந்தல்காரர், மைக்செட்டுக்காரர், ஆட்டோக்காரர் மட்டும் பாக்கி கேட்டு வருவார்கள்.

சர்மிளா இனித் தேர்தலே வேண்டாம் என்று சொல்லிவிட்டு மணிப்பூரை விட்டுக் கிளம்பினார். கேரளத்தின் அட்டப்பாடியில் சில நாள் தங்கினார்; பிறகு நம் கொடைக்கானலுக்கு வந்தார். 2017 ஆகஸ்டில் அங்குள்ள சார்பதிவாளர் அலுவலகத்தில் தன் நண்பரை மணந்துகொண்டார். அதற்கும் இங்கே ஆட்சேபணை மனுப் போட்டார்கள், அது நிராகரிக்கப்பட்டது. 2019இல் இரட்டைப் பெண் குழந்தைகளுக்குத் தாயானார். 16 ஆண்டு ஒரு மாநிலத்தின் சுமையைத் தனியாகச் சுமந்தவர், ஓட்டு எண்ணி முடித்த சில மாதத்தில் எங்கோ ஒரு மலையில் புது வாழ்க்கை தேட வேண்டி வந்தது. அவர் நின்றது சரியா என்பதில் எனக்கு இரண்டு மனம் என்றேன். அவரைத் தனியே விட்டது தப்பு என்பதில் எனக்கு ஒரே மனம்.

14. ஜெயித்தால் இன்னும் உஷாராக இருங்கள்

தோல்வியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், ஜெயித்தவர்களும் உண்டு. ஊழல் எதிர்ப்பு இயக்கத்திலிருந்து 2012இல் கட்சி தொடங்கிய அரவிந்த் கெஜ்ரிவால், 2013இல் தில்லியில் 28 இடம் பிடித்து, 49 நாளில் ராஜினாமா செய்து, 2015இல் 70இல் 67ஐ அள்ளினார். 2025இல் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். அந்தப் பத்து ஆண்டுகளில், ஆரம்பத்தில் கூட இருந்த எத்தனையோ பேர் வெளியேறினார்கள் அல்லது வெளியேற்றப்பட்டார்கள். அந்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கிய அண்ணா ஹசாரே தொடக்கத்திலேயே ஒதுங்கிக்கொண்டார். இன்னொரு பக்கம், ராஜஸ்தான் கிராமங்களில் கணக்குக் கேட்டுத் தொடங்கிய அருணா ராய் போன்றோர் நாடாளுமன்றத்துக்கு நிற்காமலே, 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வருவதற்குப் பெரும் பங்காற்றினார்கள்.

உள்ளே போகிறவரும் வேண்டும், வெளியே நின்று கணக்குக் கேட்பவரும் வேண்டும். நம் ஆள் ஜெயித்துவிட்டால் உங்களில் பாதிப் பேராவது அவருடைய காரில் ஏறாமல் வெளியிலேயே நிற்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, "ஐயா, நீங்கள் யாருக்குப் போடுவீர்கள்?" என்று கேட்பீர்கள். ஐந்தாவதில் சொன்ன நான்கு கேள்விக்கும் நேர்மையான பதில் கிடைத்தால், தோற்பது உறுதி என்று தெரிந்தாலும் என் வாக்கு அவருக்குத்தான். கிடைக்காவிட்டால், போராட்டப் பந்தலில் அவர் பக்கத்தில் உட்காருவேன். வாக்கை வேறு ஒருவருக்குப் போடுவேன். போட்டேன் என்பதை அவர் முகத்துக்கு நேரே சொல்வேன். உங்கள் முடிவு வேறாக இருக்கலாம். எதுவானாலும் அவரிடம் நேரில் சொல்லுங்கள். பிரசாரத்துக்குப் போகும் முன்பு வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேலைக்கு வருகிற பிள்ளைகளில் பல பேருக்கு அதுவே இருப்பதில்லை.